கரிசலுக்கு வரும் குளிர்நாட்டு விருந்தாளிகள்!

டிசம்பர் மாதம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் குட்டீஸ்? அரையாண்டுத் தேர்வு, அதற்குப் பிறகு லீவு... சரிதானே? பின்லாந்து நாட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், "இருட்டு!" என்பார்கள். அந்நாட்டின் தலைநகர் ஹெல்சின்கியில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் ஆறு மணி நேரம்கூட முழுதாகப் பகல் இருக்காது. பள்ளிக்கூடம் போகும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு! இன்னும் வடக்கே போனால், சில வாரங்களுக்குச் சூரியன் தலையே காட்டாது.

அதனால்தான் பின்லாந்து, ஸ்வீடன் போன்ற குளிர் நாடுகளில் வசதியுள்ள குடும்பங்கள், குளிர்காலத்தில் ஒரு வாரமாவது வெயில் அடிக்கும் கடற்கரைக்குப் போய்விட ஆசைப்படுவார்கள். கேனரி தீவுகள், தாய்லாந்து, நம் கோவா என்று கிளம்பிவிடுவார்கள். அதற்காகப் பல மாதங்களுக்கு முன்பே திட்டம் போடுவார்கள். எந்த வாரம் கிளம்பலாம்? எவ்வளவு பணம் வேண்டும்? விமானம் எந்த வழியாகப் போகும்? எங்கே தங்குவது? பாஸ்போர்ட், விசா எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்பப்பா, எத்தனை வேலை!

பாஸ்போர்ட்டும் இல்லாமல், பணமும் இல்லாமல், இதே மாதிரி திட்டம் போட்டு ஆண்டுதோறும் குளிர் நாடுகளிலிருந்து நம் பக்கம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே வருகிறார்கள் தெரியுமா? கோவில்பட்டிக்கு!

"என்னது... கோவில்பட்டிக்கா? அங்கே கடற்கரையே கிடையாதே!" என்று சிரிக்காதீர்கள். கடலை மிட்டாய்க்குப் பெயர் பெற்று, 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிய அதே கோவில்பட்டிதான். அதைச் சுற்றியுள்ள எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துக் கரிசல் காடுகள்தான் அந்த விருந்தாளிகளின் குளிர்கால வீடு. விருந்தாளிகள் யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்களே... ஆமாம், பறவைகள்!

கரிசலில் அப்படி என்ன இருக்கிறது?

கரிசல் மண்ணைக் கோடையில் பார்த்திருக்கிறீர்களா? காலை விட்டால் சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ கதையே வேறு. அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, கொத்தமல்லி என்று காடே பச்சையாகிவிடும். (கரிசல் சீமையில் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றுதான் சொல்வார்கள்.) விதைக்காமல் விட்ட தரிசுகளிலும் முழங்கால் உயரத்துக்குப் புல் எழும்பிவிடும்.

பச்சை வந்தால் அதைத் தின்ன வெட்டுக்கிளி வரும். தானியம் விளைந்தால் எலி வரும். அங்கே வடக்கே கஜகஸ்தானின் புல்வெளிகளில் அதே சமயம் என்ன நடக்கிறது? பனி மூடத் தொடங்கியிருக்கும். குளிர் மைனஸ் 30 டிகிரி வரைக்கும்கூடப் போகும். வெட்டுக்கிளி ஒன்றுகூட மிஞ்சாது. எலிகள் பனிக்கு அடியில் போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பறவைகள் குளிருக்குப் பயந்து மட்டும் கிளம்புவதில்லை. அவற்றின் இறகே நல்ல கம்பளி. அவற்றை விரட்டுவது பசி! ஒரு பின்லாந்துக் குடும்பம் இந்த ஆண்டு கடற்கரைக்குப் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான். இந்தப் பறவைகள் கிளம்பாவிட்டால் உயிரே மிஞ்சாது. ஆக, இது உல்லாசப் பயணம் இல்லை; உயிர் பிழைக்கும் பயணம்.

விருந்தாளிகள் பதிவேடு

பூனைப்பருந்து: இந்தக் கதையின் கதாநாயகன். நீண்ட இறக்கை, நீண்ட வால். காட்டுக்கு மேலே தாழ்வாக, இறக்கையை 'வி' எழுத்து மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு மிதந்து வரும். பூனை பதுங்குவது போலச் சத்தமே இருக்காது. ஆந்தையைப் போல வட்ட முகம் இருப்பதால் புல்லுக்குள் எலி நகரும் சத்தம்கூட இதற்குக் கேட்கும். மொன்டாகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து, சேற்றுப் பூனைப்பருந்து என்று இதில் பல வகை. இந்தியாவுக்கு வருகிறவை பெரும்பாலும் கஜகஸ்தான், ரஷ்யா பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து வருகின்றன.

சூறைக்குருவி: மைனாவின் உறவு. தலை கறுப்பு, உடம்பு ரோஜா நிறம். மத்திய ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். சோளக் கதிரில் இறங்கினால் விவசாயி தகரம் தட்ட வேண்டியதுதான். ஆனாலும் வெட்டுக்கிளி தின்பதில் கில்லாடி. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இந்தக் குருவிகள் வந்து தங்கட்டும் என்று கற்களை அடுக்கிக் கூடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

கொசு உள்ளான்: "கடற்கரைதான் வேண்டும்" என்று அடம்பிடிக்கும் விருந்தாளி. கோவில்பட்டியிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறதே தூத்துக்குடி, அங்குள்ள உப்பளங்களிலும் சேற்றுக் கரைகளிலும் ஓடி ஓடிப் புழு பூச்சி பொறுக்கும். எடை சுமார் 25 கிராம். நான்கு பறவைகளைத் தராசில் வைத்தால் 100 கிராம் கடலை மிட்டாய்க்குச் சமம். இந்தக் குட்டிப் பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது எங்கே தெரியுமா? வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசத்தில்!

வரித்தலை வாத்து: தலையில் இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையையே தாண்டி வரும். 7,000 மீட்டருக்கும் மேலே இது பறந்தது பதிவாகியிருக்கிறது. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் இதைப் பார்க்கலாம்.

எப்போது கிளம்புவது?

நமக்குக் காலண்டர் இருக்கிறது. பறவைக்கு? அதற்கும் இருக்கிறது. அதன் காலண்டர், பகல் வெளிச்சம்!

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் வில்லியம் ரோவன். கனடாவில் எட்மன்டன் நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1920-களில் அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஜுன்கோ என்ற சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்தார். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். கூண்டுக்குள் மின்விளக்குப் போட்டு, தினமும் வெளிச்ச நேரத்தைச் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே வந்தார். என்ன ஆச்சரியம்! குளிர் குறையவே இல்லை. ஆனால், அந்தப் பறவைகளின் உடல் வசந்த காலம் வந்துவிட்டதாக நினைத்து மாறத் தொடங்கிவிட்டது.

குளிர் ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். பகலின் நீளம் மட்டும் ஏமாற்றாது. பகல் குறையக் குறைய, "மூட்டை கட்டு... நேரமாச்சு!" என்று உடம்புக்குள் மணி அடித்துவிடும்.

பையில் என்ன எடுத்துப் போவது?

பறவைக்குப் பை ஏது? சாப்பாட்டை உடம்புக்குள்ளேயே கட்டிக்கொண்டு போகும். கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு விழுந்து விழுந்து சாப்பிடும். அத்தனையும் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேரும். நெடுந்தூரம் பறக்கும் சில சிறு பறவைகள் தங்கள் எடையை இரண்டு மடங்காகவே ஆக்கிக்கொள்கின்றன.

ஏன் கொழுப்பு? ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி சக்திதான் கிடைக்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. குறைந்த சுமை, நிறைய பெட்ரோல்! கணக்கில் புலிகள்தான்.

இந்த பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம்? 2022-ல் வரிவால் மூக்கன் என்ற பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்கு 13,560 கி.மீ. தூரத்தைப் 11 நாட்களில் கடந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை, சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்த சிறு கருவி சொன்ன கணக்கு இது. இத்தனைக்கும் அது பிறந்து சில மாதங்களே ஆன இளம் பறவை!

வழி காட்டுவது யார்?

கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவிலிருந்து கோவில்பட்டிக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 4,700 கி.மீ. வரும். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு நான்கு முறை போய்த் திரும்பும் தூரம். இதைவிட ஆச்சரியம், பூனைப்பருந்துக் குஞ்சுகள் அப்பா அம்மாவோடு சேர்ந்து வருவதில்லை. முதல் பயணமே தனிப் பயணம்தான்!

எப்படி வழி தெரிகிறது? இதையும் சோதித்துப் பார்த்தார் ஒருவர். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீபன் எம்லென். 1960-களில் அவர் புனல் வடிவத்தில் ஒரு கூண்டு செய்தார். அடியில் மைத் திண்டு, சுற்றிலும் மை ஒற்றும் தாள். இரவில் பயணம் போகும் சிறு பறவைகளை அதில் விட்டு, கோளரங்கத்துக்குள் வைத்தார். பறவை எந்தத் திசையில் கிளம்பத் துள்ளுகிறதோ, அந்தப் பக்கத்துத் தாளில் மைக் கால்தடம் விழும். கோளரங்கத்தின் நட்சத்திர வானத்தை அவர் வடக்கு தெற்காகத் திருப்பிக் காட்டினார். பறவைகளும் திரும்பிவிட்டன! நட்சத்திரங்களைப் பார்த்தே அவை திசை அறிகின்றன என்பது தெரிந்தது.

பகலில் பறப்பவை சூரியனைப் பார்த்து வழி கண்டுகொள்கின்றன. மலை, ஆறு, கடற்கரை எல்லாம் அடையாளப் பலகைகள். பூமியின் காந்தப் புலத்தையும் பறவைகளால் உணர முடியும். திசைகாட்டும் கருவி நம் பையில் இருக்கிறது. அவற்றுக்கு உடம்பிலேயே இருக்கிறது.

எங்கே தங்குவது?

தேதி, சாப்பாடு, வழி மூன்றையும் பறவை தானே பார்த்துக்கொள்ளும். ஆனால், தங்குமிடம் மட்டும் அதன் கையில் இல்லை. அது நம் கையில் இருக்கிறது!

பூனைப்பருந்து மரத்தில் தங்குவதில்லை. சாயங்காலம் ஆனதும் பல திசைகளிலிருந்தும் வந்து, ஒரு புல்வெளிக்கு மேலே வட்டமிடும். இருட்டும் நேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே படுத்துவிடும். குஜராத் மாநிலம் வேளாவதர் தேசியப் பூங்காவில் இப்படி நூற்றுக்கணக்கில் வந்து அடையும் இடம் உலகப் புகழ் பெற்றது. நம் கரிசல் பக்கத்தில் புல் மண்டிய தரிசுகள்தான் இவற்றின் படுக்கை அறை.

பகலெல்லாம் என்ன செய்யும்? காட்டுக்கு மேலே பறந்து வெட்டுக்கிளியையும் எலியையும் பிடிக்கும். கூலி வாங்காத காவல்காரன்! விருந்தாளி என்று வந்தவர் வீட்டு வேலையும் செய்து கொடுத்தால் வேண்டாம் என்போமா?

ஆனால், 'தரிசு' என்று நாம் சொல்லும்போதே ஓர் அலட்சியம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்று நினைக்கிறோம். அரசாங்கம் வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் பல புல்வெளிகளும் புதர்க்காடுகளும் 'பயனற்ற நிலம்' என்ற கணக்கில்தான் வருகின்றன. பயனற்ற இடம்தானே என்று ஒருவர் குப்பை கொட்டுகிறார். ஒருவர் தீ வைக்கிறார். இன்னொரு பக்கம் சீமைக்கருவேல் புகுந்து அடைத்துக்கொள்கிறது. முள் மண்டிய இடத்தில் பூனைப்பருந்து இறங்க முடியாது.

இன்னொரு போட்டியும் வந்துவிட்டது. வெயிலைத் தேடிப் பறவை மட்டுமா வருகிறது? சூரிய மின் தகடும் வருகிறதே! பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அது பிடித்துள்ள இடம் சுமார் 2,500 ஏக்கர். கயத்தாறு பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள்.

கரி எரிக்காத மின்சாரம் நமக்கு வேண்டும்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், எந்தப் புல்வெளியில் பறவைகள் அடைகின்றன என்று முதலில் பார்த்துவிட்டு, அதை விட்டு வேறு இடத்தில் தகடு வைக்கலாம் அல்லவா? கட்டடக் கூரைகள் எத்தனை சும்மா கிடக்கின்றன!

பின்லாந்துக் குடும்பம் ஒரு ஓட்டலில் அறை இல்லை என்றால் போனிலேயே வேறு ஓட்டல் பிடித்துவிடும். பறவைக்கு அந்த வசதி இல்லை. போன பங்குனியில் விட்டுப் போன புல்வெளி ஐப்பசியில் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் 4,700 கி.மீ. பறந்து வருகிறது. களைத்து வந்து பார்த்தால்... இடமே இல்லை! உடம்பில் சேர்த்திருந்த கொழுப்பும் தீர்ந்திருக்கும்.

இது வெறும் பயம் இல்லை. பெங்களூருவில் உள்ள 'ஏட்ரீ' என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இந்தியாவில் பூனைப்பருந்துகள் அடையும் இடங்களில் 30 ஆண்டுகளாக எடுத்த கணக்குகளைத் திரட்டி 2018-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கணக்கு காட்டியது, எண்ணிக்கை குறைந்து வருகிறது என்பதைத்தான். வெளிறிய பூனைப்பருந்தை அழிவை நெருங்கக்கூடிய இனம் என்று உலகப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

விருந்தோம்பலில் நாம் எப்படி?

விருந்தாளியைக் கவனிப்பதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில், பறவைகள் பயந்து பறந்துவிடும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே நம்மைப் போலச் சிறுவர் சிறுமியர் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுக்கும் வெடி பிடிக்கும்தான். இருந்தாலும் விட்டுக்கொடுக்கிறார்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் தெருவோர மரங்களிலும் வீட்டு மரங்களிலும்கூடக் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை.

குளத்துப் பறவைக்குக் கிடைக்கும் அந்த மரியாதை தரிசுப் பறவைக்கும் கிடைக்க வேண்டும். குளம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது; தரிசு அப்படி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஐப்பசி முதல் பங்குனி வரை, பெரியவர்கள் துணையோடு காட்டுப் பக்கம் போகும்போது வானத்தைப் பாருங்கள். தாழ்வாக, இறக்கையை 'வி' மாதிரி வைத்துக்கொண்டு ஒரு பறவை மிதந்து வந்தால், அதுதான் நம் விருந்தாளி.

* ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், இடம், எத்தனை பறவை என்று எழுதுங்கள். முதலில் வந்த நாள், கடைசியாகப் பார்த்த நாள் இரண்டையும் மறக்காமல் குறியுங்கள். இரண்டு மூன்று வருடம் எழுதினால், உங்கள் ஊர்ப் பறவை வரலாறே உங்கள் கையில்!

* 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று பார்த்து எண்ணினால் போதும். ஆசிரியரிடம் சொல்லி, பள்ளியிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

* பறவைகள் அடையும் புல்வெளி தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். தூர நின்று பாருங்கள். நாயைக் கூட்டிப் போகக் கூடாது. காய்ந்த புல்லுக்கு யாராவது தீ வைக்கப் போனால், "அங்கே பறவை தூங்குது" என்று வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

பங்குனி வெயில் ஏறியதும் விருந்தாளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். அங்கே புல்வெளியில் பனி உருகியிருக்கும். கூடு கட்ட வேண்டும், குஞ்சு பொரிக்க வேண்டும், எத்தனை வேலை! பகல் மறுபடி குறையத் தொடங்கியதும், கரிசலைப் பார்த்தே பிறக்காத அந்தக் குஞ்சுகளும் தெற்கே கிளம்பும். அவை வரும்போது படுக்க ஒரு பிடி புல் தரையில் இருக்க வேண்டும்.

இனி யாராவது, "அது வெறும் தரிசுதானே" என்று சொன்னால் சும்மா இருக்காதீர்கள் குட்டீஸ். "இல்லை, அது விருந்தாளிகள் தங்கும் இடம்!" என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?